போர்வைக்குள் ஒரு குகை

(பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏர்கோன் பழுதாகிவிட்டது என்று ஏற்பாட்டாளர் என்னிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். எனக்கு வருத்தமில்லை. இன்று நான் பேச வந்த பொருளுக்கு இந்த மண்டபம் தன்னையே உதாரணமாகக் கொடுத்துவிட்டது.

நாம் அமர்ந்திருக்கும் ஊரின் பேரிலேயே சூடு இருக்கிறது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் அழித்தன. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாம் 1884-இல் உத்தரவிட்டார். ஊருக்கெல்லாம் செங்கல் வேண்டியதாயிற்று. கப்பித்தான் யாப் குவான் செங்கின் சூளை இங்கே புகைந்தது. களிமண் தோண்டி, அறுத்து, அடுக்கி, சுட்ட இடம் இது; அதனால்தான் பிரிக்பீல்ட்ஸ். அதற்குப் பிறகுதான் ரயில்வேக்காரர்கள் வந்தார்கள், நம்மவர்கள் வந்தார்கள், கோயிலும் சாப்பாட்டுக் கடையும் பூக்கடையும் வந்தன.

சரி, பொருளுக்கு வருகிறேன். என் அண்ணன் மகள் ஐஸ்லாந்துக்குப் போய் வந்தாள். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி ஒரு படம் காட்டினாள். கறுத்த எரிமலைப் பாறைக்குள் ஒரு பிளவு. உள்ளே நீலத் தண்ணீர். தண்ணீர் மேல் வெள்ளை ஆவி. கிரியோத்தாகியா என்று அந்தக் குகைக்குப் பெயர். "சித்தப்பா, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணுமே இல்லையே" என்றாள். கிள்ளானில் பிறந்து, ஷா ஆலமில் படித்து, இருபத்தெட்டு வயது வரை இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கை விட்டு வெளியே அதிகம் போகாத பிள்ளை அவள். அவள் மேல் குற்றமில்லை. அவளுக்கு நாம் எதையும் காட்டவில்லை. அன்று அவளுக்குச் சொல்லத் தொடங்கிய பதில் நீண்டுபோய் இன்று உங்கள் தலையில் விழுகிறது.

முதலில் ஆவிக் குகை என்றால் என்ன என்று பார்ப்போம். அதற்கு மூன்று பொருள் வேண்டும். சூடு வேண்டும், தண்ணீர் வேண்டும், கூரை வேண்டும். சூடும் தண்ணீரும் மட்டும் இருந்தால் அது வெந்நீர் ஊற்று. ஆவி வானத்துக்குப் போய்விடும். கூரை மட்டும் இருந்தால் அது வெறும் குகை. மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் ஆவி தங்கும்.

இதை நமக்கு ஐஸ்லாந்துக்காரர் சொல்லித் தர வேண்டியதில்லை. என் பாட்டி செய்து காட்டியிருக்கிறார். எங்களுடையது கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வீட்டில் எவனுக்காவது சளி கட்டிக்கொண்டால் அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். நொச்சி இலையை ஒடித்து உள்ளே போடுவார். நொச்சி கிடைக்காத நாளில் எலுமிச்சை இலை, கொஞ்சம் மஞ்சள். நம்மைக் குந்த வைத்து, கம்பளிப் போர்வையைத் தலையோடு மூடி, "மூடிய கண்ணைத் திறக்காதே, வாயால் மூச்சு விடு" என்பார். உள்ளே இருட்டு. முகத்தில் வேர்வையா ஆவியா என்று தெரியாத ஈரம். எப்போது போர்வையைத் தூக்குவார் என்று ஏங்குவோம். வேது பிடிப்பது என்று அதற்குப் பெயர். சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டு என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அவற்றில் வேதும் ஒன்று. அண்டா ஊற்று, போர்வை குகை. பாட்டி எங்கள் தலைக்கு மேல் ஒரு குகையை விரித்தார், பத்து நிமிடம் கழித்துச் சுருட்டி வைத்தார்.

இப்போது நம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். செத்தாபாக்கில் 'ஆயர் பானாஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே காலைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கியவர்கள் இந்த அவையிலேயே பத்துப் பேர் இருப்பீர்கள். ஆயர் பானாஸ் என்றால் சுடுதண்ணீர். மலாய்க்காரர் ஊருக்குப் பேர் வைத்தபோது கண்ணில் கண்டதைத்தான் வைத்தார்கள். சாலைப் பலகையில் எழுதியிருக்கிறது, பஸ் பலகையில் எழுதியிருக்கிறது. படித்துக்கொண்டே கடந்து போகிறோம். செலாயாங்கில் பொதுமக்கள் கால் நனைக்கும் வெந்நீர்க் குளம் இருக்கிறது. உலு லங்காட்டில், பதினாறாவது மைல் என்று பழைய ஆட்கள் சொல்லும் டூசுன் துவாவில் ஒன்று. வடக்கே உலு யாம் பக்கம் ஒன்று, கெர்லிங்கில் ஒன்று. தீபகற்பம் முழுவதும் எண்ணினால் சுமார் 60 ஊற்றுகள்.

இத்தனை ஊற்று இருக்கிறதே, எரிமலை எங்கே என்று கேட்பீர்கள். தீபகற்பத்தில் எரிமலை இல்லை. சபாவில் தாவாவ் பக்கம் பொம்பாலாய் போன்ற பழைய எரிமலைக் குன்றுகள் உண்டு. அது வேறு நிலம். நமக்கு எரிமலை மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம். மேடானுக்குப் போய் அங்கிருந்து பெராஸ்தாகிக்கு மலையேறினால் சிபாயாக் புகைந்துகொண்டிருக்கும். பாறை இடுக்குகளில் மஞ்சளாய்க் கந்தகம் படிந்திருக்கும். பக்கத்திலேயே சினாபுங், நானூறு ஆண்டு தூங்கிவிட்டு 2010-இல் எழுந்தது. அதே சுமத்ராவில் தோபா ஏரி, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த வெடிப்பின் பள்ளம். அந்தச் சாம்பல் பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில் படிந்து கிடக்கிறது. ஆந்திராவின் ஜுவாலாபுரத்திலும் கிடக்கிறது. ஆக, எரிமலை நம்மிடம் சாம்பலாக வந்திருக்கிறது. வெந்நீராக வரவில்லை.

அப்படியானால் செலாயாங் தண்ணீரைச் சூடாக்குவது யார்? மழை. சிரிக்காதீர்கள், முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

கெந்திங்குக்குப் போகும்போது ஏறுகிறோமே, அந்தத் தித்திவங்சா மலைத்தொடர் முழுக்கக் கருங்கல். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் குழம்பாக ஏறி, மேலே வெடிக்காமல், உள்ளேயே ஆறி இறுகிய கல். அந்தக் கல்லில் பிளவுகள் உண்டு. மலையில் பெய்கிற மழையில் ஒரு பங்கு ஆற்றுக்கு ஓடுகிறது; ஒரு பங்கு பிளவு வழியே இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கவும் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி வெப்பம் கூடும். நம் ஊரில் மேலே இருக்கும்போதே 27 டிகிரி. இரண்டு கிலோமீட்டர் இறங்கினால் தேநீர்ச் சூடு. கருங்கல்லுக்குள் நுண்ணிய அளவில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இருப்பதால், அவை சிதையும்போது வரும் வெப்பமும் அந்தக் கணக்கில் சேர்கிறது. இறங்கிய தண்ணீர் சூடேறி, எடை குறைந்து, வேறொரு பிளவு கிடைத்ததும் விறுவிறுவென்று மேலே ஏறி வந்துவிடுகிறது. மெல்ல ஏறினால் வழியிலேயே ஆறிப்போகும். ஆகவே ஊற்று இருக்கும் இடத்தில் நல்ல பிளவு இருக்கிறது என்று பொருள்.

பிளவு என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். 2007 இறுதியிலிருந்து இரண்டு ஆண்டுகள் புக்கிட் திங்கியில் நிலம் லேசாகச் சிணுங்கியது நினைவிருக்கும். மலேசியாவில் நில அதிர்ச்சியா என்று பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. சுமத்ராவில் 2004-இல் வந்த பெரிய அதிர்ச்சி நம் பழைய பிளவுகளை லேசாக நெருடிவிட்டது என்று அறிவியலார் சிலர் விளக்கம் சொன்னார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காலடியில் இருப்பது ஒரே பலகைக்கல் என்று நினைத்துக்கொண்டு வாழ்வது சரியில்லை.

இவ்வளவு சூடும் தண்ணீரும் நம்மிடம் உண்டு. கூரை? கூரைக்கு நம்மிடம் பஞ்சமா! பத்துமலை இருக்கிறது.

பத்துமலையின் கல் கருங்கல் இல்லை, சுண்ணாம்புக் கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகையாக்கியது. அமெரிக்கரான வில்லியம் ஹார்னடே 1878-இல் அதைப் பற்றி எழுதிய பிறகு வெளியுலகம் அறிந்தது. தெமுவான் பழங்குடி மக்களுக்கு அதற்கு முன்பே அது தெரியும். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். 1891-இல் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனை வைத்தார். அடுத்த ஆண்டிலிருந்து தைப்பூசம். முதலில் மரப்படி, பிறகு காரைப்படி, இப்போது வானவில் நிறம் பூசிய 272 படி. இந்தக் கதை உங்களுக்கு மனப்பாடம். எனவே இங்கே நிறுத்துகிறேன்.

நான் சொல்ல வருவது வேறு. முன்பு ஒரு காலத்தில் பத்துமலைக் கல்லும் வெந்திருக்கிறது. கருங்கல் குழம்பு அடியில் ஏறியபோது பக்கத்திலிருந்த சுண்ணாம்புக் கல்லை வேகவைத்தது. அதனால்தான் கோலாலம்பூர்ச் சுண்ணாம்புக் கல்லில் பெரும்பகுதி பளிங்காக மாறிக் கிடக்கிறது. அந்தச் சூடு ஆறிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று குகைக்குள் போனால் குளிர்ச்சிதான். தைப்பூசத்தன்று மட்டும் லட்சக்கணக்கானோர் மூச்சும் வேர்வையும் கற்பூரமும் சேர்ந்து அந்தக் குகை கொஞ்ச நேரம் ஆவிக் குகை ஆகிறது. காவடி எடுத்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

செலாயாங் வெந்நீர்க் குளத்திலிருந்து பத்துமலைக்குச் சாலை நெரிசல் இல்லாவிட்டால் காரில் பத்துப் பதினைந்து நிமிடம். இங்கே கூரையில்லாத சூடு. அங்கே சூடில்லாத கூரை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இத்தனை காலமாக நிற்கின்றன. என் அண்ணன் மகள் கேட்டதற்கு இதுதான் பதிலின் முதல் பாதி: நம் ஊரில் ஆவிக் குகைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன, பக்கத்துப் பக்கத்துத் தாமானில்.

மறு பாதிக்கு ஈப்போவுக்குப் போக வேண்டும். சிரமமில்லை. இந்த மண்டபத்திலிருந்து நடந்தே கே.எல். சென்ட்ரல் போய், இ.டி.எஸ். ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரம். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் தனித்தனியாக எழுந்து நிற்கும். கிந்தா பள்ளத்தாக்கின் இரண்டு புறமும் கருங்கல் மலை, நடுவில் சுண்ணாம்புக் கல். ஈயம் தோண்டிய காலத்தில் லம்பத்தில் வேலை செய்த நம் ஆட்களுக்கு இந்த இரண்டு கல்லின் வேறுபாடு புத்தகம் படிக்காமலே தெரியும். தம்பூனில் என்ன நடந்தது என்றால், கருங்கல்லில் சூடேறிய தண்ணீர் சுண்ணாம்புக் குன்றின் காலடியில் வந்து வெளிப்பட்டது. குன்றில் ஏற்கெனவே குகை இருந்தது. சூடும் கூரையும் சேர்ந்துவிட்டன.

இப்போது அங்கே பஞ்சாரான் என்ற சொகுசு விடுதியும் லாஸ்ட் வோர்ல்டு என்ற பொழுதுபோக்குப் பூங்காவும் இருக்கின்றன. இரண்டும் வெந்நீரை நம்பித்தான் நிற்கின்றன. பூங்கா 2004-இல் திறந்தது. விடுதிக்குள் இருக்கும் ஆவிக் குகையை அதன் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு இரவுக்கு அங்கே தங்குகிற செலவை நான் சொன்னால் என் மனைவி இந்த அவையிலேயே எழுந்து போய்விடுவார். ஓய்வூதியம் வாங்குகிற வாத்தியாருக்கு அது ஒரு முறைதான் கட்டும்.

அந்த ஒரு முறை, ஆவிக் குகைக்குள் நுழைந்த கணம் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. கழற்றித் துடைத்தேன், துடைக்கிற துணியும் நனைந்திருந்தது. கண்ணாடியில்லாமல் எனக்குச் சரியாகத் தெரியாது. ஆவியில் யாருக்குமே தெரியாது. ஆகவே அன்று நானும் மற்றவர்களும் சமம். சுவரைத் தொட்டால் வழுக்கியது. மேலேயிருந்து சொட்டு விழுந்தது. வெந்நீர் விழும் என்று தோளைக் குறுக்கினேன். விழுந்தது வெதுவெதுப்பான துளிதான். ஆவி மேலே போய்க் கல்லில் பட்டு, குளிர்ந்து, மறுபடி நீராகித் திரும்பி வருகிறது. அந்தத் துளி சும்மா வருவதில்லை. காற்றிலிருக்கும் கரிவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, கூரையைச் சுரண்டிக்கொண்டே வருகிறது. ஆவியிருக்கும் குகையில் கூரை கலசத்தின் உட்புறம்போல் உருண்டு வழவழப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். பாட்டியின் போர்வையிலும் இப்படித்தான் சொட்டும், அது கம்பளி வாடையோடு சொட்டும்.

இன்னொன்று. தாய்மார்கள் கவனிக்க வேண்டும். கந்தக வாடை வீசும் ஊற்றுக்குப் போனால் காலிலிருக்கும் வெள்ளி மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். என் மனைவிக்குக் கறுத்துப்போய், யார் கண் பட்டதோ என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. கண்ணேறு ஒன்றுமில்லை, கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்தால் கறுக்கும். புளி போட்டுத் தேய்த்தால் ஓரளவு போகும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சூடேறினால் கழுத்தில் சுடும்.

சுண்ணாம்புக் குகையும் வெந்நீரும் சேர்ந்த கதை நமக்கு மட்டும் வாய்த்ததில்லை. இத்தாலியில் தஸ்கனியில், மொன்சும்மானோ என்ற ஊரில், 1849-இல் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் தற்செயலாக ஒரு குகை வாயைத் திறந்துவிட்டார்கள். உள்ளே ஆவி. நிலம் கவிஞர் ஜுஸ்தியின் குடும்பத்துக்குச் சொந்தம். அதனால் குரோத்தா ஜுஸ்தி என்று பெயர். அங்கேயும் எரிமலை கிடையாது. உள்ளே போகப் போகச் சூடு கூடும். தாந்தேயின் நாட்டுக்காரர்கள் அல்லவா, மூன்று பகுதிக்கும் சொர்க்கம், உத்தரிப்புத்தலம், நரகம் என்று பேர் வைத்தார்கள். நரகம்தான் அதிகச் சூடு. காசு கொடுத்து நரகத்தில் உட்காருகிறார்கள் இத்தாலியர்கள்.

கொலராடோவில் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் நிலத்தடியில் ஆவிக் குகைகள் உண்டு. வெள்ளைக்காரர் வந்து சீட்டுக் கொடுப்பதற்கு முன் யூட் பழங்குடியினர் அங்கே வேது பிடித்தார்கள். அசல் எரிமலைக் குகை வேண்டுமென்றால் சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவிலுள்ள பாந்தெல்லேரியா தீவுக்குப் போக வேண்டும். மலைச்சரிவில் ஒரு பொந்து, உள்ளே கல்லிருக்கை, பிளவிலிருந்து ஆவி. நனைந்து வழிந்து வெளியே வரும் அந்த இடத்துக்கு அவ்வூர்க்காரர் வைத்த பேர் 'உலர் குளியல்'.

எரிமலைக்கு ஒரு குணம் உண்டு, அது சொல்லிக்கொள்ளாது. என் அண்ணன் மகள் படம் காட்டினாளே, அந்த ஐஸ்லாந்துக் குகையில் ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் குளித்தார்கள். 1975 முதல் 1984 வரை பக்கத்துக் கிராப்லா எரிமலை பலமுறை பொங்கியது. குகைத் தண்ணீர் உடல் தாங்காத அளவுக்குச் சூடேறிவிட்டது. அதனால்தான் படம் எடுத்துக்கொண்டு திரும்பினாள்; குளிக்கவில்லை. நேப்பிள்ஸ் பக்கத்தில், அக்னானோவில், 'நாய்க் குகை' என்று ஒன்று இருக்கிறது. எரிமலைக் கரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படுத்திருக்கும். நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. கூட வந்த நாய் மயங்கி விழும். பயணிகளுக்கு வேடிக்கை காட்டவே அந்தக் காலத்தில் நாயை வைத்திருந்தார்கள். அந்த நாயைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேடிக்கை பார்த்த கனவான்கள் மேல் கோபம் வரும். சிபாயாக்கோ வேறு எதுவோ, எரிமலை ஆவி வரும் பள்ளத்தில் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள். பெரியவர் முகத்துக்கு எட்டாத வாயு பிள்ளை முகத்துக்கு எட்டும்.

இப்போது உடம்பைப் பற்றி. நம் அவையில் நீரிழிவு இல்லாத வீடு எது என்று கேட்டால் கைகள் அதிகம் எழாது. ஆகவே இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உலர்ந்த சூட்டில் 80 டிகிரியில்கூட மனிதன் சிறிது நேரம் உட்காருவான். பின்லாந்துக்காரர் வழக்கமாகச் செய்கிறார்கள். வேர்வை காய்கிறது, உடம்பு ஆறுகிறது. ஆவிக் குகையில் காற்று ஏற்கெனவே நனைந்திருப்பதால் வேர்வை காயாது. உடம்பிலிருந்து சூடு வெளியேற வழியில்லை. அங்கே 45 டிகிரியே போதும், பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும். ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். உட்கார்ந்திருக்கும் வரை சுகமாக இருக்கும்; சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

எனக்கு நடந்தது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், தவறு முழுவதும் என்னுடையது. பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எழும் வரை நானும் எழுவதில்லை என்று வீம்பு. கால் மணி நேரம் கழித்து எழுந்தேன், சுவர் என் பக்கம் வந்தது. அந்தப் பெரியவர்தான் "அண்ணே, அண்ணே" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் நான் எழுவதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் உள்ளே வந்தவர் என்றும், அதற்கு முன்பே இரண்டு முறை வெளியே போய் ஆறிவிட்டு வந்தவர் என்றும். அதுதான் முறை. பத்து நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே, நடுவில் தண்ணீர்.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வெந்நீரில் காலை வைத்துச் சூடு பார்க்காதீர்கள். கால் பொய் சொல்லும். முழங்கையை நனைத்துப் பாருங்கள், குழந்தையைக் குளிப்பாட்டப் பார்ப்பதுபோல. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரிந்தது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். இதய நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். ஊற்றுத் தண்ணீரை மூக்கால் உறிஞ்ச வேண்டாம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். முட்டி வலி போகுமா என்று கேட்கிறார்கள். சூட்டில் தசை தளர்ந்து வலி குறையும், அது உண்மை. மூட்டு தேய்ந்தது தேய்ந்ததுதான். நீரிழிவை ஊற்று தீர்க்கும் என்று விற்கிறவர்களிடம் பணப்பையைத் திறக்காதீர்கள்.

வெந்நீர் ஊற்று என்றதும் இங்கே யாழ்ப்பாணத்து வேர் உள்ள சிலருக்கு வேறொரு பேர் நாக்கில் வந்திருக்கும்: கன்னியா. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே எழுத்தராக வந்து இறங்கிய இலங்கைத் தமிழர் வீடுகளில் அந்தப் பேர் இன்னும் புழங்குகிறது. திருகோணமலைக்குப் பக்கத்தில் ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் தண்ணீரின் சூடு சற்று வேறு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தில் குத்தியதால் ஊறியது என்று கதை. அங்கே தமிழர்கள் இறந்தோருக்கான கடன் கழிக்கிறார்கள். ஒரு வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள், அடுத்த கிணற்றுக்கு நகர்கிறார்கள். அதுவும் எரிமலைச் சூடில்லை. பழைய பாறைப் பிளவில் ஏறிவரும் மழைநீர்தான். என் நண்பரின் தாயார், தொண்ணூறைத் தொட்டவர், செலாயாங் குளத்துக்குக் கூட்டிப் போனபோது முதல் வாளியைத் தலையில் ஊற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவர் எந்த ஊரில் நின்றார் என்று எங்களுக்குப் புரிந்தது.

பக்கத்துச் சிங்கப்பூரில் செம்பவாங்கில் ஒரு ஊற்று இருக்கிறது. 2020 தொடக்கத்தில் அதைப் பூங்காவாக்கித் திறந்தார்கள். கட்டணமில்லை. ஆறவிட்டு ஆறவிட்டு இறங்கும் படித்தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். முட்டை கொண்டுபோய் அவிக்க இடமும் வைத்திருக்கிறார்கள். பேராக்கில் சுங்காய் பக்கம் சுங்கை கிளாவிலும் முட்டை அவிக்கலாம், அங்கே சீட்டு வாங்க வேண்டும். கொதிநீரைப் பார்த்தவுடன் முட்டையை நினைக்கிற புத்தி எல்லா இனத்துக்கும் பொது என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

என் அண்ணன் மகளைப் போன மாதம் செலாயாங்குக்குக் கூட்டிப் போனேன். அதிகாலை. கூட்டம் ஏற்கெனவே இருந்தது. குளத்தைச் சுற்றி ஒரு சீன அம்மா, இரண்டு மலாய்ப் பெரியவர்கள், லோரி ஓட்டிவிட்டு நேரே வந்த நம் பையன் ஒருவன், எல்லாரும் முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டு வரிசையாக. வாளியும் குவளையும் வீட்டிலிருந்து. யாரும் யாரையும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் சூடு குறைவு என்பதை மட்டும் கையால் காட்டினார்கள். அவள் பெருவிரலை வைத்தாள், "ஆ" என்று இழுத்துக்கொண்டாள், பக்கத்து அம்மா சிரித்தார், "பெலான்-பெலான்" என்றார். மெல்ல, மெல்ல.

கால் பழகிய நேரத்தில் மழை பிடித்தது. நம் ஊர் மழை, உங்களுக்குத் தெரியும், கேட்டுக்கொண்டு வராது. நாங்கள் எழப் பார்த்தோம். வேறு யாரும் எழவில்லை. பைகளிலிருந்து குடைகள் விரிந்தன. பெரிய குடை வைத்திருந்த மலாய்ப் பெரியவர் எங்கள் பக்கம் நகர்ந்து அதை எங்கள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். குளிர்ந்த மழை சுடுநீரில் விழவிழத் தண்ணீர் முழுக்க வெள்ளை எழும்பியது. எழும்பிய ஆவி குடைக்கடியில் வந்து தங்கியது. என் மூக்குக் கண்ணாடி வெளுத்துவிட்டது. அண்ணன் மகள் கைப்பேசியை எடுத்தாள், லென்சில் ஈரம், படம் விழவில்லை, பையில் வைத்துவிட்டாள். குடையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே, "சித்தப்பா, பாட்டி போர்வை இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.